ஏட்டுத் தடுப்பூசி

தொண்டை வலி என்று வருபவரை வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்ப்பது எந்த மருத்துவருக்கும் அன்றாட வேலை. பெரும்பாலும் தொண்டை சிவந்திருக்கும், டான்சில் வீங்கியிருக்கும், அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, வந்தவரின் தொண்டை வேறு மாதிரி. டான்சிலின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், நனைந்த தோல் ஒட்டிக்கொண்டதுபோலப் படிந்திருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியால் வழித்தால் வராது. பிடித்து இழுத்தால் அடியிலிருந்து ரத்தம் கசியும். நோய் முற்றினால் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, காளையின் கழுத்தைப்போல ஆகிவிடும்.

1990களின் தொடக்கத்தில் மாஸ்கோவிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் பணியிலிருந்த இளம் மருத்துவர்கள் பலர் இந்தப் படலத்தைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதியவர்கள். கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ரஷ்ய மொழியில் டான்சில் அழற்சிக்கு ‘ஆங்கினா’ என்று பெயர். நோயாளியின் அட்டையில் அந்தச் சொல்லை எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலைந்து நாள் கழித்து அதே நோயாளி மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தார். அப்போது அவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்து கைவசம் இருந்தாலும் காலம் கடந்துவிட்டிருந்தது.

ஏன் கடந்துவிட்டது என்று புரிய, அந்தக் கிருமியின் வேலை முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கோரினிபாக்டீரியம் டிப்தீரியே என்ற பாக்டீரியா தொண்டையோடு நின்றுவிடும். உடம்புக்குள் போவது அது சுரக்கும் நச்சு. வேடிக்கை என்னவென்றால், அந்த நச்சைச் செய்யும் மரபணுவே பாக்டீரியாவின் சொந்தச் சொத்து கிடையாது. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து செருகிவிட்டுப் போனது. நச்சு நம் செல்லுக்குள் நுழைந்ததும் அங்கே புரதம் தயாராகும் பட்டறையை இழுத்து மூடிவிடுகிறது. ஒரு செல்லைக் கொல்ல அந்த நச்சின் ஒரே ஒரு மூலக்கூறு போதும். இதயத் தசையும் நரம்புகளும் அதற்குப் பிடித்த இடங்கள். தொண்டை சரியாகிவிட்டது என்று எழுந்து நடமாடியவர், இரண்டு வாரம் கழித்து இதயம் நின்று விழுவதும் உண்டு.

குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்நச்சு இதற்கு மருந்து. எமில் ஃபான் பெரிங் இதற்காகத்தான் 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் எதிர்நச்சு ரத்தத்தில் மிதக்கும் நச்சை மட்டுமே பிடிக்கும். செல்லுக்குள் நுழைந்துவிட்டதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் நாள் போட்ட ஊசிக்கும் ஐந்தாம் நாள் போட்ட ஊசிக்கும் இடையே உயிர் நிற்கிறது.

இந்த நோய் சோவியத் ஒன்றியத்தில் ஏறக்குறைய ஒழிந்தே போயிருந்தது. 1950களின் இறுதியில் குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 1976இல், இருபத்தைந்து கோடி மக்கள் இருந்த நாட்டில், ஆண்டு முழுவதும் பதிவான நோயாளிகள் 200 பேர்கூட இல்லை. அதே நிலப்பரப்பில் 1990க்கும் 1998க்கும் இடையில் 1,50,000 பேருக்கு மேல் தொண்டை அடைப்பான் கண்டது. 5,000 பேர்வரை இறந்தார்கள். 1990களின் முற்பாதியில் உலகம் முழுவதும் பதிவான தொண்டை அடைப்பானில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த ஒரு பகுதியில்தான்.

1991 டிசம்பரில் ஒரு வல்லரசு உடைந்து பதினைந்து நாடுகளாயிற்று, மருத்துவமனைகள் நொடித்தன, நோய் வந்தது. கதையை இப்படிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பாதி உண்மை அது. மீதிப் பாதிக்கு, நாடு நன்றாக நடந்துகொண்டிருந்ததாக எல்லோரும் நம்பிய ஆண்டுகளுக்குப் போக வேண்டும்.

சோவியத் பொதுசுகாதாரம் வெறும் பிரச்சாரமாக இருந்ததில்லை. புரட்சிக்குப் பிறகு டைஃபஸ் காய்ச்சல் லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோனது. பேன் மூலம் பரவும் நோய் அது. சோஷலிசம் பேனை வெல்லுமா, பேன் சோஷலிசத்தை வெல்லுமா என்ற பொருளில் 1919இல் லெனினே பேசினார். முதல் சுகாதார ஆணையர் நிகொலாய் செமாஷ்கோ மாவட்டந்தோறும் மருத்துவமனை, தொற்றுநோய்க் கண்காணிப்பு நிலையம் என்று ஒரு வலையைப் பின்னினார். பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்கலாம் என்று 1958இல் மினியாபொலிஸில் கூடிய உலக சுகாதார மாநாட்டில் முன்மொழிந்தவர் சோவியத் அதிகாரி விக்டர் ஷ்தானவ். அதற்கான உறைஉலர் தடுப்பு மருந்தைக் கோடிக்கணக்கில் இலவசமாகக் கொடுத்ததும் அந்த நாடுதான். இந்தியாவுக்கும் வந்தது. ஐம்பதைத் தாண்டியவர்கள் கையில் இருக்கும் அம்மைத் தழும்புகளில் எத்தனையோ அந்த மருந்தால் வந்தவையாக இருக்கும்.

ஆக, வலை உறுதியானது. ஓட்டை எங்கே விழுந்தது?

முதல் ஓட்டை வெற்றியாலேயே விழுந்தது. தடுப்பூசி இல்லாத காலத்தில் தொண்டை அடைப்பான் கிருமி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். குழந்தைகள் சிலர் இறப்பார்கள். பிழைத்தவர்களின் உடம்பில் எதிர்ப்பாற்றல் இருக்கும், கிருமி மறுபடி மறுபடி உரசிப்போகும்போதெல்லாம் அது புதுப்பிக்கப்படும். பெரியவர்களுக்குக் காசில்லாமல் கிடைத்த ஊக்க ஊசி அது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டதும் கிருமியின் நடமாட்டம் குறைந்தது. தடுப்பூசி தரும் பாதுகாப்போ பத்து ஆண்டுகளில் தேயத் தொடங்கிவிடும். அப்படியானால் பெரியவர்களுக்கு யார் புதுப்பிப்பது? யாருமில்லை. திட்டம் பள்ளிப் பருவத்தோடு முடிந்தது. 1940களிலும் 50களிலும் பிறந்தவர்கள் நிலை இன்னும் மோசம். குழந்தையாக இருந்தபோது அவர்களில் பலருக்கு ஊசி கிடைக்கவில்லை, வளர்ந்தபோது கிருமியும் அதிகம் கிடைக்கவில்லை. 1990களில் நோய் வந்தபோது நாற்பதுகளில் இருந்த இவர்கள்தான் அதிகம் மாண்டார்கள். குழந்தை நோய் என்று பெயரெடுத்தது, பெரியவர்களின் நோயாகத் திரும்பி வந்தது. ரஷ்யாவில் நோய் கண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பதினைந்து வயதைத் தாண்டியவர்கள்.

இரண்டாவது ஓட்டை ஏட்டில் விழுந்தது. ரஷ்ய மருத்துவர்கள் பேச்சில் ‘மெத்ஒத்வோத்’ என்று ஒரு சொல் புழங்கும். உடல்நிலை காரணமாக இந்தக் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று தரும் விலக்கு. உண்மையான காரணங்கள் சிலருக்கு இருக்கும். ஆனால் 1980களில் அந்தக் காரணங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. ஒவ்வாமை, அடிக்கடி சளி, குறைப்பிரசவம் என்று எதற்கும் விலக்கு. ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் மருத்துவர் தலை உருளும், போடாமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. எழுதிக் கொடுத்துவிடுவதுதான் பிழைக்கிற வழி.

விலக்கு பெறாத குழந்தைகள் பலருக்கும் போடப்பட்டது முழு மருந்து இல்லை. பெரியவர்களுக்கென்றும் வளர்ந்த பிள்ளைகளுக்கென்றும் வீரியம் குறைத்துச் செய்த ஒரு கலவை இருந்தது. அதன் பெயர் ஆ-தே-எஸ்-எம். கடைசி ‘எம்’ என்பது ‘குறைந்த அளவு’ என்பதற்கான ரஷ்யச் சொல்லின் முதலெழுத்து. குழந்தைகளுக்கான வழக்கமான முத்தடுப்பூசியில் இருந்த டிப்தீரியா மருந்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதில் உண்டு. பக்கவிளைவு பயம் கொண்ட பெற்றோர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இது சௌகரியமாக இருந்தது. பதிவேட்டில் ‘ஊசி போடப்பட்டது’ என்ற வரி ஒன்றுதான். எந்த மருந்து, எவ்வளவு வீரியம் என்று மேலே போகும் கூட்டுத்தொகை சொல்லாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, கிருமி விஷயத்திலும் அதுதான்.

மேலே இருந்தவர்களுக்கு ஏட்டில் பிடித்தமில்லாத எண் வந்தால் என்ன செய்வார்கள் என்பதற்கும் முன்னுதாரணம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தில் சிசு மரணம் கூடத் தொடங்கியது. அரசு அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. பத்தாண்டுக்கும் மேல் அது வெளிவரவில்லை.

கோர்பசேவ் வந்தார், வாய்ப்பூட்டு திறந்தது. 1988இல் கல்மிக்கியாவின் தலைநகர் எலிஸ்தாவில், குழந்தைகள் மருத்துவமனையில் கொதிக்க வைக்காத ஊசிகளால் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்ஐவி தொற்றிய கொடுமை வெளியே வந்தது. பத்தாண்டுக்கு முன் நடந்திருந்தால் பத்திரிகைகளில் ஒரு வரி வந்திருக்காது. அதே பத்திரிகைகள் அதே ஆண்டுகளில் தடுப்பூசியே நஞ்சு என்ற கட்டுரைகளையும் பெரிய எழுத்தில் போட்டன. அறிவியல் பட்டம் பெற்றவர்கள் பேட்டி கொடுத்தார்கள். எலிஸ்தா செய்தியைப் படித்த தாய் அடுத்த வாரம் இந்தக் கட்டுரையைப் படிக்கிறாள். அவள் என்ன முடிவெடுப்பாள்? மெத்ஒத்வோத் வாங்கத்தான் ஓடுவாள்.

பத்திரிகைச் சுதந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எலிஸ்தாவை எழுதியவர்கள் செய்தது நல்ல காரியம். ஆனால் எழுபது ஆண்டுகள் அரசு சொன்னதையே அச்சடித்த தாளில் திடீரென்று அரசுக்கு எதிரானது வந்தால், எதிரானது எல்லாமே உண்மை என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பொய்யாகப் பேசிப் பழகிய அரசு ஒரு நாள் மெய் சொன்னாலும் அதைக் கேட்க ஆள் இருப்பதில்லை. அந்த அரசு சொல்லி வந்தவற்றில் தடுப்பூசி ஓர் உண்மை. மற்றவற்றோடு சேர்த்து அதையும் குப்பையில் போட்டார்கள்.

இவ்வளவும் நடந்தபோது சோவியத் கொடி கிரெம்ளினில் பறந்துகொண்டுதான் இருந்தது. 1980களின் நடுவிலேயே தொண்டை அடைப்பான் ஒருமுறை தலைதூக்கி அடங்கியது. அதை எச்சரிக்கையாக எடுத்திருக்கலாம். 1990இல் மறுபடி, ஒன்றியம் முழுவதும் 1,400 பேர் அளவில். ராணுவக் குடியிருப்புகளில் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் இருந்து வந்த இளைஞர்கள் ஒரே அறையில் வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க், கீவ் போன்ற பெரிய நகரங்களில் நோய் வேர்பிடித்தது.

பிறகுதான் ஒன்றியம் உடைந்தது. தடுப்பு மருந்து செய்யும் ஆலைகள் பெரும்பாலும் ரஷ்யாவுக்குள் இருந்தன. நேற்றுவரை மாஸ்கோவிலிருந்து ஒதுக்கீடாக வந்த மருந்துக்கு இன்று தாஜிகிஸ்தானும் ஜார்ஜியாவும் காசு கொடுக்க வேண்டும். என்ன காசு? ரூபிள் மாதத்துக்கு மாதம் கரைந்துகொண்டிருந்தது, புது நாணயங்களை யாரும் வாங்கவில்லை. மருந்தைக் குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், வண்டிக்கு எரிபொருள் வேண்டும். தாஜிகிஸ்தானில் 1992இல் உள்நாட்டுப் போர் வெடித்தது, அகதிகள் எல்லை தாண்டினார்கள்.

வேலை இழந்த பொறியாளர்களும் ஆசிரியைகளும் பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு துருக்கிக்கும் போலந்துக்கும் சீன எல்லைக்கும் ரயிலேறினார்கள். அங்கே மலிவாகத் துணிமணி வாங்கி வந்து சந்தையில் விற்றார்கள். இவர்களுக்கு ‘செல்னோக்கி’ என்று பெயர் வைத்தார்கள். தறியில் இங்கும் அங்கும் ஓடுமே நாடா, அதற்கான ரஷ்யச் சொல் அது. காஞ்சிபுரத்திலோ சென்னிமலையிலோ நாடா ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். நாடாவோடு நூல் போகிறது, செல்னோக்கியோடு கிருமி போனது. கூட்டமான பெட்டி, பகிர்ந்த கோப்பை, இரண்டு நாள் பயணம்.

ரஷ்யாவில் மட்டும் 1993இல் 15,000 பேர், 1994இல் 39,000 பேருக்கு மேல். அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய ஒன்றியத்தின் எல்லா நாடுகளுக்கும் பரவியது. 1995இல் மொத்தம் 50,000. எல்லா நாடுகளிலும் மக்கள் ஒரே விகிதத்தில் சாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரஷ்யாவிலும் உக்ரைனிலும் நோய் கண்ட நூறு பேரில் இரண்டு மூன்று பேர் இறந்தார்கள். ஜார்ஜியா, அஜர்பைஜான், துர்க்மெனிஸ்தான் நாடுகளில் கிட்டத்தட்ட இருபது பேர். கிருமி ஒன்றுதான். எதிர்நச்சு மருந்து அலமாரியில் இருந்ததா, நோயை இரண்டாம் நாளே கண்டுபிடிக்க ஆள் இருந்தாரா என்பதில்தான் வித்தியாசம். வீடற்றவர்களும் குடிக்கு அடிமையானவர்களும் கடைசியில் வந்தார்கள், முதலில் செத்தார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த பதிலடி எளிமையானது. குழந்தைகள் பாதுகாப்பாக இருந்தால் போதும் என்ற பழைய பாடத்தைக் கிழித்துப் போட்டு, பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரு ஊசியாவது போடுங்கள் என்றார்கள். நோயாளிகளை உடனே கண்டுபிடித்து எதிர்நச்சு கொடுப்பது, கூட இருந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது என்று இன்னும் இரண்டு. தொழிற்சாலை, அலுவலகம், பள்ளி என்று போய்ப் போட்டார்கள். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் ஜப்பானும் மருந்து, பண உதவி அனுப்பின. பழைய செமாஷ்கோ வலை கிழிந்திருந்தாலும் கயிறு மிச்சமிருந்தது. ஊசி போடத் தெரிந்த செவிலியர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், சம்பளம் மாதக்கணக்கில் வராமலே வேலைக்கு வந்தார்கள். 1996இல் நோயாளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மருந்து இருந்தால், கேட்கிற அளவுக்கு மக்களிடம் பயமும் இருந்தால், இந்த நோயை அடக்குவது கடினமில்லை. அந்தப் பயம் வர ஆயிரக்கணக்கில் சாக வேண்டியிருந்தது.

காசநோய் அப்படி அடங்கவில்லை. அதற்கு ஒரு ஊசி போதாது, ஆறு மாதம் மாத்திரை விழுங்க வேண்டும். சிறைகள் நிரம்பி வழிந்த ரஷ்யாவில் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு விடுதலையானவர்கள் மருந்துக்கு அடங்காத கிருமியோடு ஊருக்குப் போனார்கள். 1991இல் ஒரு லட்சம் பேருக்கு 34 என்று இருந்த புதிய காசநோயாளிகள் 2000இல் 90ஆனார்கள். அதன் கடன் இன்னும் தீரவில்லை.

அரசு கவிழ்ந்ததுதான் காரணம் என்றால் போலந்தில் ஏன் நோய் வரவில்லை? 1989இல் அங்கேயும் ஆட்சி மாறியது, விலைவாசி தலைகீழானது, வேலை போயிற்று. எல்லையோ பெலாரஸையும் உக்ரைனையும் ஒட்டியது. பை தூக்கிய வியாபாரிகள் வார்சா சந்தையில்தான் கடை விரித்தார்கள். கிருமி பலமுறை எல்லை தாண்டி வந்தது, சில பத்து நோயாளிகளோடு நின்றும்போனது. போலந்தில் குழந்தைகளுக்கு முழு வீரியத்தோடு ஊசி போடப்பட்டிருந்தது, அரசு மாறிய குழப்பத்திலும் அது நிற்கவில்லை. பின்லாந்தும் ஜெர்மனியும்கூட வந்த நோயாளிகளோடு நிறுத்திக்கொண்டன. என் கணிப்பில், சோவியத் ஒன்றியம் உடைந்தது நோயை உண்டாக்கவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஏட்டில் மறைத்து வைத்திருந்த கடனை ஒரே நாளில் வசூலுக்குக் கொண்டுவந்தது.

அதற்குப் பிறகும் தொண்டை அடைப்பான் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2017இல் போர் நடந்துகொண்டிருந்த ஏமனிலும், வங்கதேசத்தில் ரோஹிங்கியா அகதி முகாம்களிலும் பரவியது. வெனிசுவேலாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இல்லாத நோய் 2016இல் பொலிவார் மாநிலத்தில் தலைகாட்டியது. எண்ணெய்ப் பணம் வற்றிய அந்த நாடு வாராந்தர நோய் அறிக்கையை வெளியிடுவதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தது. 2017 மே மாதம் சுகாதார அமைச்சர் அந்தோனியெத்தா கபொராலே முடங்கிக் கிடந்த அறிக்கைகளை வெளியிட்டார். மலேரியா முக்கால் மடங்கு கூடியிருந்தது, சிசு மரணம் முப்பது விழுக்காடு, பேறுகால மரணம் அறுபத்தைந்து விழுக்காடு உயர்ந்திருந்தன. சில நாட்களில் அமைச்சரை வீட்டுக்கு அனுப்பினார் அதிபர் மதுரோ. சிசு மரண விஷயத்தில் சோவியத் ஒன்றியம் எண்ணை மறைத்தது. இங்கே எண்ணைச் சொன்னவரும் போக வேண்டியிருந்தது.

அரசியல் மாற்றம் என்றதும் கொடி மாறுவதையும் சிலை கவிழ்வதையும்தான் நாம் நினைக்கிறோம். தொற்றுநோய்க்காரர்கள் பார்க்கும் அரசியல் வேறு. பட்டியலில் விலக்குக் காரணம் எத்தனை, பதிவேட்டில் எழுதும் செவிலியருக்கு உண்மையை எழுதத் துணிவு உண்டா, எழுதியதை மேலே இருப்பவர் படிக்கிறாரா. ஆட்சி மாறும் நாளுக்கு முன்பே விடை தெரிந்துவிடும் கேள்விகள் இவை.

இந்தியாவில் பழைய டெட்டனஸ் ஊசிக்குப் பதிலாக இப்போது டிடி (Td) என்ற ஊசியைப் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் கர்ப்பிணிகளுக்கும் போடுகிறார்கள். அதில் டெட்டனஸோடு டிப்தீரியா தடுப்பும் சேர்ந்திருக்கிறது. ஆணி குத்தினால் போடும் ஊசி என்றுதான் இன்னும் சொல்கிறோம். கேரளத்தின் மலப்புறத்தில் 2016இல்கூடத் தொண்டை அடைப்பானால் பிள்ளைகள் இறந்தார்கள். உங்கள் வீட்டில் பத்து வயதும் பதினாறு வயதும் ஆன பிள்ளைகளின் அட்டையை எடுத்துப் பாருங்கள். உங்கள் கையில் கடைசியாக அந்த ஊசி ஏறிப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதையும் கேளுங்கள்.